நீ அலங்கரித்து வைத்த பாட்டில்கள்

என் அன்புக் கோமு அக்கா,

இன்று காலைப் பேப்பரில் உன் படம் வந்திருக்கிறது. முதலாண்டு நினைவஞ்சலி என்று அத்தான் போட்டிருக்கிறார். படம் உங்கள் வீட்டு முன்னறையில் எடுத்தது. நீ அரக்குக் கலர் பட்டுச்சேலையில் நிற்கிறாய், உனக்குப் பின்னால் ஷோகேஸில் உன் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. "இல்லத்தை அழகாக்கிய குலவிளக்கே" என்று கீழே எழுதியிருக்கிறார். அப்பா அதைக் கத்தரித்துப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரிடம் போய்க் கத்த? அப்பா என்னோடு பேசி மாதக்கணக்காகிறது. அம்மா என் தலையைக் கண்டாலே மூக்கைச் சிந்துகிறாள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இதை நான் ஒளித்து எழுதவில்லை, யார் படித்தாலும் படிக்கட்டும். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

பாளையங்கோட்டையில் அந்தப் புதுக் காலனிக்கு நீ குடிபோனபோது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். பேங்க் ஆபீசர் மாப்பிள்ளை, சொந்த வீடு, ஸ்கூட்டர், கலர் டி.வி. அப்பா டவுண் முழுக்கச் சொல்லித் திரிந்தார். லீவுக்கு வரும்போதெல்லாம் உன் முன்னறையில் புதிதாக ஏதாவது இருக்கும். சணல் கயிற்றைச் சுற்றி ஒட்டிய பூச்சாடி. வெள்ளை சிமெண்டில் ரோஜாப்பூ வைத்து எனாமல் பெயிண்ட் அடித்தது. உள்ளே சின்ன பல்பு எரியும் விளக்கு. ஜன்னலில் சொட்டு நீலமும் குங்குமமும் கரைத்த தண்ணீர் நிரப்பி வைத்த பாட்டில்கள். மணிபிளான்ட் கொடி டி.வி.யைச் சுற்றி ஓடி, திரும்ப ஒரு பாட்டிலுக்குள்ளேயே இறங்கும்.

வாரப் பத்திரிகையில் கைவேலைப் பக்கம் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னாய். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. விசேஷ வீடுகளுக்கு நீ கொண்டுபோகும் பரிசும் அதுவேதான். நம் சொந்தத்தில் பாதிப்பேர் வீட்டில் உன் பாட்டில் இருக்கிறது. பிராந்திக் கடை இருக்கும் பக்கம் கால் வைக்கக் கூசிச் சுற்றிப் போகிறவர் நம் அப்பா. அவர் பூஜை அறையில் ஆற்றுத்தண்ணீர் வைத்திருப்பது நீ கொடுத்த பாட்டிலில்தான். இப்போதும் அதே பாட்டில்தான் அக்கா. சிரிப்பு வருகிறதா உனக்கு?

இத்தனை பாட்டில் உனக்கு ஏது? எங்களிடம், காலனியில் தூரப் போடுவதை வாங்கிச் செய்வதாகச் சொன்னாய். காலனிக்காரர்களிடம், பழைய பேப்பர்க்காரரிடம் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறாய். பழைய பேப்பர்க்காரரிடம் மட்டும் நீ எதுவுமே பேசியதில்லை. அவர் மணி அடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாயாம். யார் வீட்டில் எந்தப் பாட்டில் எத்தனை விழுகிறது என்று தெருவில் நின்று எண்ணிச் சாக்கில் போடுகிறவர் அவர். அவரிடம் போட்டால் காலனிக்கே தெரிந்துவிடும். குப்பையில் போட்டால் கூட்ட வருகிறவர்களுக்குத் தெரியும். கால்வாயில் வீசினால் மிதந்துகொண்டு துணி துவைக்கிற பெண்கள் முன்னால் போய் நிற்கும். ஆகவே நீ அவற்றை வீட்டுக்குள்ளேயே, எல்லார் கண்ணுக்கு முன்னாலேயே வைத்துவிட்டாய். அதைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறாயா? உன் மகள் சொல்லித்தான்.

நீ இறந்த வாரம் அது. பதினாறாம் நாள் விசேஷம் வரைக்கும் உமாவைப் பார்த்துக்கொள்ள நான் உன் வீட்டிலேயே தங்கியிருந்தேன். அத்தான் வெளியே போன பிறகு உமா கட்டிலுக்கு அடியில் நுழைந்து ஒரு காலிப் பாட்டிலோடு வெளியே வந்தாள். லேபிள் கிழியாத புதுப் பாட்டில். பிராந்தி வாடை இன்னும் போகவில்லை. அதை நேராகப் புழக்கடைக்குக் கொண்டுபோய், நீ போட்டிருந்த பழைய பிளாஸ்டிக் வாளியில் முக்கினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, ஏதோ கோலமாவு டப்பாவை எடுத்துவைப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் செய்தாள்.

"என்னட்டி செய்யுத?" என்றேன்.

"ஊறப் போடணும்லா சித்தி. சாயங்காலம் தாள் உரிஞ்சு வந்துரும். அப்பா இல்லாதப்பதான் செய்யணும். யாரும் கேட்டா மருந்து பாட்டில்னு சொல்லணும். அம்மா சொல்லிக் குடுத்திருக்கா."

நான் அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவள் விடவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னாள். மண்ணெண்ணெயில் நனைத்த நூலைக் கழுத்தில் சுற்றித் தீ வைக்க வேண்டும். சூடேறியதும் பச்சைத் தண்ணீரில் முக்கினால் டப்பென்று கழுத்து தனியாக வந்துவிடும். விளிம்பைச் சிமெண்டுத் தரையில் தேய்க்க வேண்டும். "கழுத்து இருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிரும் சித்தி, அதான்" என்றாள்.

அறுத்த கழுத்துகள் எங்கே என்று கேட்டேன். செம்பருத்திச் செடிக்கு அடியில் காட்டினாள். நீ குழி தோண்டிப் புதைத்து மேலே மண்ணைத் தள்ளி வைத்திருந்தாய். ஐப்பசி மழை அந்த மண்ணைக் கரைத்திருந்தது. அங்கங்கே கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உன் காலில் ஏறியது இதில் ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். உன்னை ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தானே. குதிகாலில் கண்ணாடி குத்தியதற்கு நீ மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாய். ஒரு வாரம் கழித்துத் தாடை இறுகியது. பல்வலி என்று சொன்னாய். உதடு பிரியாமல் இட்லியைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த உன்னைப் பார்த்துவிட்டுத்தான் டீச்சர் ஆட்டோ பிடித்தார். அத்தானை எழுப்பப் போனவரை நீ கையைப் பிடித்து நிறுத்தினாயாம்.

"டாக்டர் கேட்டாவம்மா, ஆணி, கண்ணாடி ஏதும் குத்துச்சான்னு. இல்லைன்னு தலையாட்டுதா. திரும்பத் திரும்பக் கேட்டாவ. திரும்பத் திரும்ப இல்லைன்னே ஆட்டுதா. நான்தான் சேலையைத் தூக்கிக் காலைக் காட்டுனேன். டெட்டனஸாம், ரணஜன்னி முத்திட்டுன்னுட்டாவ" என்று டீச்சர் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஏன் அக்கா? செத்துக்கொண்டிருந்தாயே, அப்போதுகூடவா? கண்ணாடி குத்தியது என்று சொன்னால் எந்தக் கண்ணாடி என்று கேட்பார்கள், எங்கே கிடந்தது என்று கேட்பார்கள், அதற்குப் பயந்தாயா? யார் மானத்தை யார் காலில் போட்டுக் காப்பாற்றினாய் நீ? உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் அத்தான்மேல்கூட இல்லை. அவர் குடிகாரர். நீ புத்தியுள்ளவள்.

சில சமயம் வேறொன்றும் தோன்றுகிறது. உனக்கு அந்த வேலை பிடித்தும் இருந்ததோ? ஒருமுறை பச்சைப் பாட்டில் ஒன்றை ஜன்னல் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏட்டி வடிவு, நம்ம குற்றாலத்து அருவிக்குப் பின்னால நின்னு பாத்தா இப்பிடித்தான் இருக்கும்" என்றாய். அப்போது உன் முகத்தில் இருந்த சந்தோஷம் பொய்யில்லை. அந்த வீட்டில் உனக்கென்று கிடைத்தது அவ்வளவுதான் போல.

சரி, இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். முக்கூடலில் இருந்து வந்திருந்த அத்தானின் அக்கா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். உமா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏளா வடிவு, பிள்ளை ஒன்கூடத்தான ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. வேற எவளும் வந்தா பச்சப்பிள்ளையப் பாப்பாளா? ஒங்க அக்கா வாழ்ந்த வீடு. தலைத்திவசம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், தை பிறந்ததும் சுருக்கமா முடிச்சிரலாம். ஒங்க அப்பாட்ட பேசியாச்சு."

அப்பாவைப் பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். அக்கா போன இடத்துக்குத் தங்கையை அனுப்புவது நம் ஜனங்களுக்குப் புதிதா? பிள்ளைக்குப் பிள்ளையாச்சு, உறவுக்கு உறவாச்சு, இன்னொரு பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற அலைச்சலும் மிச்சம். அத்தான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மட்டும் சவரம் செய்து திருநீறு பூசிப் பளிச்சென்று இருந்தார்.

நான் அம்மாவை அடுக்களைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். வாளி, நூல், செம்பருத்தி, குதிகால் எல்லாம். அம்மா மயங்கி விழுவாள் என்று நினைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"பைய பேசுட்டி, சம்பந்தக்காரவ காதுல விழுந்துரப் போவுது" என்றாள் அம்மா. பிறகு என் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். "எனக்குத் தெரியும். கல்யாணமான மறுவருஷமே கோமு சொல்லிட்டா. எவன் குடிக்கல இந்தக் காலத்துல? ரோட்டுல விழுந்து கெடக்காரா? கைநீட்டி அடிச்சாரா? ஒங்க அக்கா எப்பிடிச் சமாளிச்சா பாத்தேல்லா. ஈ காக்காய்க்குத் தெரியாம வீட்டை எப்பிடி வச்சிருந்தா! ஒனக்கும் நல்ல கைதான். நீயும் வச்சுக்கிடுவ."

அக்கா, அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்று நீ ராப்பகலாகப் பாடுபட்டாயே, தெரிய வேண்டியவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உன் பாட்டில்களை அவர்கள் அழகு என்று பாராட்டியது அழகுக்காக மட்டும் இல்லை. அத்தானின் அக்கா அடுத்து என்ன செய்தாள் தெரியுமா? பெயிண்ட் டப்பா, பிரஷ், சணல் கண்டு எல்லாம் போட்டு வைத்திருந்த உன் பிரம்புக் கூடையை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். "இனி இதெல்லாம் ஒனக்குத்தாம்ளா" என்றாள். பெண்டுகள் எல்லாரும் உச்சுக்கொட்டி அழுதார்கள்.

மறுநாள் காலை, உறவுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரம், தெருமுனையில் பழைய பேப்பர்க்காரரின் மணி கேட்டது. யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கை தானாக வேலை செய்தது. ஷோகேஸைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து முன்வாசல் படியில் அடுக்கினேன். அரிவாள்மணையால் சணலை அறுத்து உருவினேன். சிமெண்ட் ரோஜாவைத் தேங்காய் உடைப்பதுபோலப் படியில் தட்டினேன். மணிபிளான்டை உருவி எறிந்தேன். கழுத்து அறுபடாமல் நீ முழுசாகவே சுற்றி வைத்திருந்தவை பல இருந்தன. சணல் போனதும் அடியில் லேபிள் அப்படியே இருந்தது. அவசரத்தில் உரிக்காமல் விட்டாயோ, அலுத்துப்போய் விட்டாயோ.

"அண்ணாச்சி, இங்கன வாங்க" என்று கூப்பிட்டேன். அவருக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்றே நம்பிக்கை வரவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பைய வந்தார்.

"தங்கச்சி, இந்த வீட்டு முன்னால வந்தா நான் மணிகூட அடிக்க மாட்டேனே. இங்கன என்ன விழப் போவுதுன்னு போயிருவேன். மத்த வீடுகள்ல எல்லாம் சொல்லுவேன், அந்த வீட்டைப் பாருங்க, சாமி குடியிருக்க வீடு, ஒரு பாட்டில் போட்டதில்லன்னு" என்றவர் படியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"உள்ள இன்னும் இருக்கு அண்ணாச்சி. கட்டிலுக்கு அடியில புதுசும் இருக்கு."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் நின்றார்கள். எஸ்தர் டீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். அத்தான் பனியனோடு வாசலுக்கு வந்தார். எப்போதும் போலச் சத்தம் உயர்த்தாமல், பேங்கில் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல, "வடிவு, உள்ள வா. தெரு பாக்குது" என்றார்.

"பாக்கட்டும் அத்தான். ஒளிச்சு வச்சவ செத்துட்டா."

அம்மா ஓடிவந்து என் கன்னத்தில் அறைந்தாள். நான் அடுத்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அண்ணாச்சி எண்ணவில்லை. தலையைக் குனிந்தபடி வாங்கி வாங்கிச் சாக்கில் போட்டார். கழுத்தில்லாதவற்றை யாரும் எடுக்கமாட்டார்களாம், ஆனாலும் அவற்றையும் போட்டுக்கொண்டார். சாக்கு நிறைந்து இன்னொரு சாக்கும் நிறைந்தது. முன்னறை வெறிச்சென்று ஆகிவிட்டது. அதைப் பார்த்து உமா வீறிட்டு அழுதாள். அவளுக்கு அவை உன் சாமான்கள், வேறென்ன தெரியும்? அந்த அழுகை மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.

"இப்பிடி ஒரு அடங்காப்பிடாரிய நாங்க எடுக்கமாட்டோம்" என்று அத்தானின் அக்கா தெருவுக்குக் கேட்கச் சொன்னாள். அன்றைக்கு மத்தியானமே உமாவைத் தூக்கிக்கொண்டு முக்கூடலுக்குப் போய்விட்டாள். நான் தப்பித்தேன் அக்கா. உன் மகளைக் கொடுத்துத் தப்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கூடலுக்குப் பஸ் ஏறுகிறேன். முதல் சில வாரம் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். இப்போது முற்றம் வரை விடுகிறார்கள். உமா இளைத்திருக்கிறாள். முன்பற்கள் விழுந்து முளைத்திருக்கின்றன, எடுப்பாக உன் பல்லேதான். போன மாதம் அவளுக்கு நன்னாரி சர்பத் பாட்டில் ஒன்று வாங்கிப்போனேன். குடித்து முடித்ததும் காலிப் பாட்டிலைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு, "சித்தி, இதை எங்க வைக்கணும்?" என்று காதில் கேட்டாள். வாசல் திட்டில் எல்லாருக்கும் தெரிகிறமாதிரி வை என்றேன். அவள் நம்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம் வீட்டில் என் நிலைமை உனக்குத் தெரிய வேண்டாமா? சின்னவளுக்குக் கோட்டி பிடித்துவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது என்று அப்பா சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்துகொண்டிருந்த வரன்கள் நின்றுவிட்டன. நர்சரி ஸ்கூலில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன், வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டு சாப்பிடுகிறேன். இதற்காக நான் வருந்தவில்லை. சவத்தை விடு, அது கிடக்கட்டும்.

உனக்கு எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் இனிமேல்தான் வருகிறது. அத்தானுக்குப் பெண் பார்த்துவிட்டார்கள். அம்பாசமுத்திரம் பக்கம். தகப்பன் இல்லாத பிள்ளை, தையல் படித்தவள். தலைத்திவசம் முடிந்ததும் நிச்சயதார்த்தம். "உமாவுக்கு ஒரு அம்மா வேணும்லா" என்று அதே பேச்சு. போன வாரம் முற்றத்தில் நிற்கும்போது அத்தானின் அக்கா யாரிடமோ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், "பொண்ணுக்குக் கைவேலை நல்லா வருமாம். கோமு மாதிரியே வீட்டை வச்சுக்கிடுவா" என்று.

அதைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வேண்டாம் என்றதும் அந்த வீடு மூடிக்கிடக்கும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. என்ன முட்டாள் நான். நான் நகர்ந்த இடத்துக்கு இன்னொருத்தியை நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான் நடந்தது.

அதனால் நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் அம்பாசமுத்திரம் போகிறேன். விலாசம் எஸ்தர் டீச்சர் விசாரித்துக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் பேசமாட்டேன், மாமன்மாரிடம் பேசமாட்டேன். அவர்களுக்குத் தெரிந்திருக்கும், அல்லது தெரிந்தாலும் சமாளித்துக்கொள்வாள் என்பார்கள். அவளிடமே பேசுவேன். உன் பெயரைச் சொல்வேன். நீ எப்படி வாழ்ந்தாய், ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது எப்படித் தலையாட்டினாய் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். சொல்லிவிட்டேன், இனி அவள் பாடு என்று பஸ் ஏறமாட்டேன். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராவிட்டால் அவள் வீட்டு நடுவில் நின்று நான் சொல்கிறேன். அடித்தாலும் சரி, கோட்டி என்று கட்டிப்போட்டாலும் சரி. இது உன்மேல் சத்தியம் அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
வடிவு